நான் வாசித்துச் சொன்ன ரத்த ரிப்போர்ட்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாத மத்தியானம். திருச்சுழிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் கிராமத்தில் நடந்தது. முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஊரில் யாருக்கு ஆங்கிலத்தில் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமை.

அன்று பக்கத்து வீட்டு அம்மா வந்தார். அவர் மருமகள் நான்கு மாதக் கர்ப்பிணி. மகனுக்குச் சவுதியில் வேலை. லீவு முடிந்து போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அருப்புக்கோட்டையில் மருமகளின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நேரே என்னிடம் வந்திருந்தார்.

"டாக்டரம்மா நாளைக்குத்தான் பாக்கேன்னுட்டாகண்ணே. புள்ளைக்கு ரத்தம் கம்மியா இருக்கான்னு பாருங்க. கீரையைக் கண்டாலே மூஞ்சியைச் சுளிக்கிறா, எங்கிட்டுப் போயி ரத்தம் ஊறும்?"

ரத்த அளவு சரியாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, பால்வினை நோயைக் கண்டறியும் வி.டி.ஆர்.எல். என்ற வரிக்கு நேராக 'ரியாக்டிவ்' என்று தடித்த எழுத்து. அடியில் பொடி எழுத்தில், வேறொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்றும் இருந்தது. அதைக் கவனிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கவனித்தேன்.

நான் அந்த வரியையே திரும்பத் திரும்பப் பார்த்ததும் அவர் பயந்துவிட்டார். "என்னண்ணே, எதுனாலும் சொல்லுங்க" என்றார். நாளைக்கு டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதது போல் ஆகிவிடுமே என்று தோன்றியது. "மேகநோய்" என்று சொன்னேன். அதோடு விட்டேனா? "தப்பான சகவாசத்துல வர்றது" என்றும் சேர்த்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் சவுதிக்குப் போன் போய்விட்டது. மகன் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, "புள்ளை யாருது?" என்பதுதானாம். சுவருக்கு இந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் அழுகை எனக்குக் கேட்டது. மறுநாள் டாக்டரிடம் போகவில்லை. பாலவனத்தத்தில் அவள் அப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள்.

இரண்டு வாரம் கழித்து அந்த அப்பா என் வீட்டுக்கு வந்தார். பக்கத்து வீட்டு அம்மாவையும் கையோடு கூட்டி வந்திருந்தார். ஒரு காகிதத்தை நீட்டினார்.

"நீங்க நல்லா வாசிப்பீகளாமே. இதையும் வாசிச்சு இவுகளுக்குச் சொல்லுங்க சார்."

மகளை விருதுநகருக்குக் கூட்டிப்போய் அவர் எடுத்த உறுதிப்படுத்தும் பரிசோதனை அது. 'நான்-ரியாக்டிவ்' என்று இருந்தது. நோய் இல்லை என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க. அன்னைக்கு ஊருக்கே கேட்டுச்சுல்ல."

விருதுநகர் டாக்டர் சொன்னதை அவரே எடுத்துச் சொன்னார். முதல் பரிசோதனை வெறும் சந்தேகத்தைக் காட்டுவது. கர்ப்பத்தினாலேயே சிலருக்கு அப்படி வரும். நோய் உண்மையாகவே இருந்தாலும் பென்சிலின் ஊசியில் குணமாகும், வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றலாம். அது புருஷனிடமிருந்தும் வந்திருக்கலாம்.

"இதெல்லாம் உங்க பாடத்துல இல்லையா சார்?"

இருந்தது. அன்று பெண்ணை மட்டும் சந்தேகித்தது நான்தான்.

அடுத்த வாரம் நானும் பக்கத்து வீட்டு அம்மாவும் பாலவனத்தம் போனோம். மகன் போனில் மன்னிப்புக் கேட்டிருந்தான். "ஏங் கிறுக்குப் புத்தி தாயி, வந்துரு" என்று அந்த அம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ரத்தத்தை ரெண்டாவது தடவ பாத்து இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டாக அத்தை. உங்க மகன் கேட்ட கேள்விய எந்த லேபுல குடுத்து இல்லைன்னு எழுதி வாங்குறது?"

குழந்தை அங்கேதான் பிறந்தது, பெண் குழந்தை. அவள் திரும்பி வரவேயில்லை.

போன மாதம் விருதுநகர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மடியில் மகள். நான் பார்ப்பதைக் கண்ட குழந்தை, "யாரும்மா அது?" என்று கேட்டது. "தெரியலடா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒன்றும் தெரியாமலே அவளைப் பற்றி அத்தனையும் சொன்னவன் நான். என்னைத் தெரியாது என்று அவள் சொன்னது, எனக்கு வர வேண்டிய தண்டனையில் மிகச் சிறியது என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.