திருப்புட்குழி வழியில் பஞ்சர்

எனக்கு அஞ்சாம் வகுப்புப் படிப்புதான். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமான புதிதில், வைகுண்ட ஏகாதசிக்குத் திருப்புட்குழியில் சொர்க்கவாசல் திறப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன். தறியை ஒருநாள் நிறுத்த வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதே பெரும்பாடாகிவிட்டது. விடிவதற்கு முன்பே சைக்கிளில் கிளம்பினோம். பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர்.

மார்கழிப் பனி ஈரத்தில் டியூபில் ஒட்டுப் போட்டால் ஒட்டவில்லை. ஓட்டை இருந்த இடத்தைக் கிள்ளிப் பிடித்து, பையிலிருந்த பட்டு நூலால் கட்டப் பார்த்தார். நெசவுக்காரர் இல்லையா, முடிச்சு சரியில்லை என்று கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே இருந்தார். குளிரில் எனக்குப் பல் கிடுகிடுத்தது.

"பொடவையா நெய்யறீங்க? சும்மா இறுக்கிக் கட்டுங்க!"

"இரும்மா, வெரல் வெறைச்சிக்கினு இருக்குது. முடிச்சு மொத்தமா வந்தா டயருல இடிக்கும்."

ஒருவழியாகக் காற்றடித்துப் போனால், ஜனங்கள் எதிரே திரும்பி வருகிறார்கள். "சாமி உள்ள போய்ட்டாரும்மா" என்றாள் ஒருத்தி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவரோ குனிந்து டயரை அமுக்கிப் பார்த்து, "காத்து கொஞ்சம்கூட எறங்கல, பாத்தியா?" என்றார்.

அந்தக் காலத்தில் அங்கே வாசலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று எனக்கு நிச்சயமில்லை. தெரிந்தவர்கள் யாராவது விசாரித்துத் திருத்துங்கள்.