குளத்து வைக்கோலும் பொரி விற்ற செல்வி அக்காவும்

வேங்கிக்காலில் பேருந்துக்காக நின்றிருந்தேன். தோழி யாஸ்மின் போனில், "செல்வி அக்கா போயிட்டாங்கடி" என்றாள். "எங்க, கீழ்பென்னாத்தூர் அம்மா வீட்டுக்கா?" என்று கேட்டேன். "இல்லடி, மாரடைப்பு" என்றாள். எதற்கும் ஒரு நக்கலைக் கைவசம் வைத்திருக்கும் நான், வந்த பேருந்தில் ஏறாமல் வீடுவரை நடந்தே வந்தேன்.

கிரிவலப் பாதைக் குளக்கரையில் கடை போட்டிருக்கிற, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பௌர்ணமிக்கு வருகிறவர்கள் அவரிடம் பொரி வாங்கி மீன்களுக்குப் போட்டுவிட்டு நடப்பார்கள். மீன் தின்றது போக மீதி ஊறி அழுகும். லாட்ஜ் கழிவுநீர் வேறு. போன கோடையில் குளம் பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் ஆனது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மருந்து போட்டால் பாசியோடு மீனும் போய்விடும் என்பதால் எங்கள் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றம் வைக்கோலை வலைப்பைகளில் கட்டி மிதக்கவிட்டது. வைக்கோல் மெல்ல மட்கும்போது அதிலிருந்து கசிவது புதுப் பாசியை வளரவிடாது. கூடவே பொரி போடுவதும் நிற்க வேண்டும். அதை அக்காவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

"அக்கா, குளத்துமேல பாசம் இருக்கலாம், பாசி இருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தேன். பொரி அக்கா பொரிந்து தள்ளினார்.

"வாலு, உன் வாய்ல அந்த வைக்கோல அடைக்கணும்டி. மீன் செத்தாலும் என் வியாபாரம் போச்சு. மீனுக்குப் போடாதீங்கன்னாலும் போச்சு. நான் எந்தப் பக்கம்டி போறது?"

ஒரு வலைப்பையைத் தூக்கிக்கொண்டு நான் நழுவிவிட்டேன்.

அடுத்த பௌர்ணமியில் ஒரு பெண்மணி மிதக்கும் மூட்டைகளைக் காட்டி, "இது இன்னா பரிகாரம்மா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா தன் பொரிக் கூடையையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குளத்துக்கு தோஷம்ங்க. பொரிய உள்ள போடக் கூடாது. கைல வச்சினு கும்புட்டு நீங்களே சாப்ட்டுடணும்."

பொரியும் விற்றது, தண்ணீருக்குள்ளும் போகவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பச்சையும் மெல்லக் கம்மியானது. ஆனால் மூட்டைகளுக்கு மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் வந்துவிட்டன. ஒன்றின்மேல் அகல்விளக்கே எரிந்தது. சிலர் ஜாதகத்தை நீட்டி அக்காவிடமே பலன் கேட்டார்கள். "ஒரு பொய் சொல்லிட்டு அதுக்கு நானே பூசாரியா மாட்டிக்கினேன்டி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வைக்கோல் முழுக்க அழுகுவதற்குள் எடுத்துவிட்டுப் புதிது கட்ட வேண்டும். இல்லையென்றால் அதுவே பாசிக்குத் தீனியாகிவிடும். நாங்கள் இழுக்கப் போனபோது கூட்டம் மறித்தது. "பரிகாரத்துல கை வைக்காதீங்க. எங்க பொண்ணு கல்யாணமே இதுலதான் கீது" என்று ஒருவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எங்களால் எடுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அக்கா கூடையை விட்டு எழுந்து வந்தார்.

"அது பரிகாரம் இல்லங்க, வைக்கோலு. மாடு துன்றது. நான்தான் பொய் சொன்னேன். உட்டுடுங்க."

ஒருவர் கெட்ட வார்த்தையில் திட்டினார். இன்னொருவர் அவரிடம் வாங்கிய பொரியை அவர் கண்ணெதிரிலேயே குளத்தில் கொட்டிவிட்டுப் போனார். ஆனால் கயிறு தளர்ந்தது. மூட்டைகளை மாற்றினோம்.

அதற்கு அடுத்த பௌர்ணமியில் அவர் கூடை குறையவே இல்லை. "வேற எடத்துக்குப் போய்டலாமேக்கா" என்றேன். "மலைய சுத்துறவங்க எங்க போனாலும் கெளம்புன எடத்துக்குத்தான்டி வரணும். எனக்கு மட்டும் வேற வழி போட்டு வச்சிருக்காங்களா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாட்ஜ் கழிவுநீர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. மூட்டைகளை மறுபடி மாற்றும் நாள் நெருங்குகிறது. சிலர் மறுபடியும் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள். இந்த முறை அவர்களுக்கு எதிரே நிற்கப்போவது நான். தப்பிக்க வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அக்கா கூட்டத்திடம் உண்மையைச் சொன்ன அன்று பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முந்தானையைப் பிடித்திருந்த அக்காவின் கை, பேசி முடிக்கும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. குரல் நடுங்கவில்லை. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்த இரண்டையும்தான். கை நடுக்கம் இப்போதே வந்துவிட்டது. குரலுக்குத்தான் இன்னும் பழக வேண்டும்.