பக்கத்துத் தோட்டம் வழியே வந்த கேபிள்

எருமப்பட்டிக்கு வெளியே, நான் மருமகளாக வந்த தோட்டத்து வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்க எனக்கு பிராட்பேண்ட் தேவைப்பட்டது. சோதிக்க வந்தவர், "போன் லைன் டெஸ்ட்ல ஃபெயிலுங்க, நெட் வராதுங்க" என்றார்.

"வேலைய உட்டுரு சாமி" என்றார் மாமனார்.

நான் விடவில்லை. பக்கத்துத் தோட்டம் வரை ஃபைபர் கேபிள் வந்திருந்தது. ஆனால் அந்தத் தோட்டக்காரருக்கும் மாமனாருக்கும் வரப்புத் தகராறு, பேச்சே இல்லை. நேராகப் போய், அவர் நிலத்தின் வழியே கேபிள் இழுக்க அனுமதி கேட்டேன்.

"உங்க மாமனார வந்து கேக்கச் சொல்லு."

"வேலை என்னுதுங்க. நான்தான் கேப்பேன்."

அங்கேயே நின்றேன். என்னையே பார்த்திருந்தவர், "சரி, இழுத்துக்க சாமி" என்றார்.

மாமனார் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் கேபிள் வந்தது. நான் வேலைக்கு உட்கார்ந்தேன். எனக்கு வேண்டியதைக் கேட்க, அதன்பின் யாரையும் நான் முன்னே அனுப்பியதில்லை.