சிவப்பு வந்தால் லீஸ், வெள்ளை வந்தால் சொந்தம்

என் மகளுடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்திருக்கும். குழந்தையில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் துவண்டு போனவள் அவள். பொன்னேரிப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு அந்த வண்டியில்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். நானும் அதே பேட்டையில்தான், இன்னொரு கம்பெனியில், இரும்பு உருக்கும் இடத்தில் ஷிப்ட் பார்க்கிறேன்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் ஹைவேயில் கன்டெய்னர் லாரி ஒன்று அவளை உரசுகிற மாதிரி கடந்து போயிருக்கிறது. அது அடித்த காற்றிலும் தண்ணீரிலும் ஸ்கூட்டர் ஓரத்து மண்ணில் இறங்கிச் சாய்ந்துவிட்டது. அம்மன் புண்ணியத்தில் அடி ஒன்றும் இல்லை. டீக்கடையில் நின்றவர்கள் ஓடி வந்து தூக்கி நிறுத்தினார்களாம். வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்.

“இன்னிமே கார்தான் நைனா. இந்த ஸ்கூட்டரு போதும்.”

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

அவள் கம்பெனியில் லீஸ் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. கார் லீஸ் கொடுப்பவர்கள் பேரில் இருக்கும். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ரிப்பேர், இன்சூரன்ஸ் எல்லாம் அவர்கள் பாடு. நான்கு வருடம் ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சொந்தமாக வாங்கினால் பேங்க் லோன், நம் பேர், நம் பாடு. எனக்கு லீஸ்தான் நல்லதாகப் பட்டது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

“அடுத்தவன் வண்டிக்கு யாரு பேர்ல பூஜ போடறது? ஐயரு பேரு, நட்சத்திரம் கேட்டா லீஸ்காரன் நட்சத்திரத்த சொல்வியா?”

எதற்கும் நேரில் கேட்டுப் பார்ப்போம் என்று மூன்று பேரும் ஆட்டோவில் ஷோரூமுக்குப் போனோம். மகள் அங்கே இருந்த பையனிடம் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“பிரேக்கு, ஆக்ஸிலேட்டரு ரெண்டும் கைல வர்ற மாதிரி மாத்தணும். லீஸ் வண்டில வுடுவாங்களா?”

“வுட மாட்டாங்க மேடம். திருப்பித் தர்ற வண்டி, ஒரு ஓட்டை போட்டாக்கூட ஒத்துக்க மாட்டாங்க. சொந்த வண்டின்னா மாத்திக்கினு ஆர்டிஓல காட்டிப் பதிஞ்சிக்கலாம்.”

அதைக் கேட்டதும் என் மனசு லீஸ் பக்கம் இன்னும் சாய்ந்தது. ஏன் என்று எனக்கே தெரிந்திருந்தது. அந்த ரோட்டில் ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி இறங்குகிற லாரிகளைத் தினமும் பார்க்கிறவன் நான்.

திரும்பும்போது ஆட்டோவில் சொன்னேன். “லீஸே எடுப்போம் கண்ணு. நான் ஓட்டறேன். வேன் ஓட்டுன கைதான இது? உன் டைமுக்கு ஷிப்ட மாத்திக் கேட்டுக்கறேன்.”

“நாலு வருஷம் நீ ஓட்டுவ. அப்பால?”

“அப்பால உனக்குக் கல்யாணம் ஆயிடும்.”

“அப்ப வர்றவனுக்கு லைசென்ஸ் கீதான்னு மொதல்ல கேட்டுக்கோ.”

ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் பக்கம் பெரிய காரியம் என்றால் அம்மனிடம் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து நூல் சுற்றி, பூசாரி அம்மன் காலடியில் வைப்பார். எந்தப் பூ எதற்கு என்று நாம் மனசுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அந்த வெள்ளிக்கிழமை, சிவப்பு வந்தால் லீஸ், வெள்ளை வந்தால் சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன். சாமி கும்பிட வந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். பிரித்தால் சிவப்பு அரளி.

கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நிம்மதி வந்திருக்க வேண்டும். வாசலில் செருப்பை மாட்டும்போதே அது வரவில்லை என்று தெரிந்துபோயிற்று.

வீட்டில் சொன்னேன். அம்மனே சொல்லிவிட்டாள் என்றதும் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மகள்தான் கேட்டாள்.

“இன்னான்னு கேட்ட நைனா?”

“லீஸா, சொந்தமான்னு.”

“நான் ஓட்டலாமான்னு கேட்டியா?”

நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

“அத்த கேக்கல இல்ல? கேட்டதுக்குத்தான் அவ பதில் சொல்வா.”

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, மறுநாள் போட்டுக்கொண்டு போகிற துணியை மடிக்க ஆரம்பித்தாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வேலையில் உலை முன்னால் நின்றாலும் அதே பேச்சு காதில் ஓடியது. கூட வேலை செய்கிறவர், “இன்னாபா, ஒரே பேஜாரா கீற?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் போய் நின்றேன். பூசாரி முகத்தைச் சுளித்தார்.

“ஒரே விஷயத்த ரெண்டு தபா கேக்கக் கூடாதுபா.”

“போன வாரம் கேட்டது தப்பான கேள்விங்க. இது வேற.”

“அப்ப அந்தப் பதில வுட்டுடு. புதுசா நெனச்சிக்கோ.”

அவர் பூவை மடித்து நூலைச் சுற்றினார். நான் கண்ணை மூடினேன். மகள் ஓட்டலாம் என்பதற்கு வெள்ளை. அது சுலபமாக வந்தது. வேண்டாம் என்பதற்குச் சிவப்பு என்று நினைக்கப் போகும்போது மனசு இடறியது. மூன்று வயதில் அவளைத் தூக்கிக்கொண்டு வந்து இதே படியில் விழுந்து, இவளை நடக்க வை தாயே என்று அழுதவன் நான். நடை வரவில்லை. இப்போது கையாலேயே போகிற வழி ஒன்று வருகிறது. அது வேண்டாம் என்று சொல்லச் சொல்லி, எந்த முகத்தோடு அம்மனிடம் ஒரு பூவைக் கொடுப்பது?

“நெனச்சிக்கினியா?” என்றார் பூசாரி.

“கேள்வி ஒண்ணும் இல்லீங்க. ரெண்டு பூவையும் அம்மனுக்கே வச்சிடுங்க.”

“இத்த முன்னாலயே சொல்லிருந்தா எனக்கு நூலாவது மிச்சம் ஆயிருக்கும்.”

வீட்டுக்குப் போய், “சொந்தமாவே வாங்கு கண்ணு, உன் பேர்ல” என்றேன். அவள் உள்ளே போய் அவள் அம்மாவிடம், “உன் வூட்டுக்காரு வழிக்கு வந்துட்டாரும்மா” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

வண்டி வந்து, கைக்கு மாற்றி, பதிந்து, அதற்கேற்ற லைசென்ஸும் அவள் கைக்கு வரத் தை மாதம் ஆகிவிட்டது. கோயில் வாசலில் அவள் பேருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அவள் அம்மா பின்சீட்டில் ஏறினாள். நான் இடது பக்கம், ஓட்டுகிற மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மன் படத்தை முன்னால் ஒட்டியிருந்தோம். அதையும் பார்த்தேன், ரோட்டையும் பார்த்தேன்.

ஹைவேயில் ஏறியதும் ஒரு டிரைலர் லாரி எங்களை முந்திக்கொண்டு குறுக்கே நுழைந்தது. நான் வலது காலைத் தரையில் ஓங்கி அழுத்தினேன். வண்டி மெதுவானது. லாரி போய்விட்டது. நான் காலை எடுக்கவில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

“நைனா, நீ மிதிச்சிக்கினே இருந்தா நிக்காது. பிரேக்கு என் கைல கீது.”

சரி என்றேன். கும்மிடிப்பூண்டி போய்ச் சேருகிறவரை என் கால் அங்கேயேதான் இருந்தது.