பெயர் மாறிய வால்யூமும் இக்பால் பாயும்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், டிசைன்கள் மொத்தமும் இருந்த பழைய ஸ்டோரேஜ் வால்யூமை, அதாவது சர்வரில் இருந்த சேமிப்புப் பகுதியை, க்ளவுட் நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரச் சொன்னார்கள். ஏபிஐ எனும் மென்பொருள் இணைப்பு வழியாக ஒரே ஒரு கட்டளை அனுப்பினேன். பிறகு பழைய பட்டியலைப் பார்த்தால் வால்யூமின் பெயரே இல்லை. அழித்துவிட்டேன் என்றே நினைத்தேன். வேலை போய்விடும் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

"டிசைன் எதுவும் ஓப்பன் ஆகலப்பா, கட்டிங் நிக்குது. இன்னா ஆச்சு?" மேனேஜர் வாசலில் நின்றார்.

"காலையில எலக்ட்ரீஷியன் இக்பால் பாய் சர்வர் ரூமுக்குள்ள வந்து யூபிஎஸ் பேட்டரி மாத்தினாரு சார்" என்றேன். மாற்றியது உண்மை. அதனால் ஒன்றும் ஆகவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கிய இக்பால் பாய் என்னிடம் வந்தார். "திரும்ப வந்துடுமா சார்? நான் பேட்டரிய மட்டும்தான் தொட்டேன்."

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தேன். க்ளவுட் தன் வழக்கப்படி வால்யூமுக்கு நீளமான புதுப் பெயர் வைத்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே ஒரு கோப்புகூடக் குறையவில்லை. டிசைன் கம்ப்யூட்டர்களில் புதுப் பெயரைக் கொடுத்ததும் எல்லாம் திறந்தன. "சரி பண்ணிட்டேன் சார்" என்று மட்டும் சொன்னேன். மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

இன்றைக்கும் இக்பால் பாய் சர்வர் அறைக்குள் தனியாக நுழைவதில்லை. "கூட வந்து நில்லுங்க சார், பயமா இருக்குது" என்பார். நானும் போய் நிற்கிறேன். அந்தப் பயம் என்னுடையது, அவர் தலையில் நான்தான் சுமத்தினேன் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.