சம்பந்தி சொன்ன யோசனைகள்

எங்கள் தெருவில் யாராவது வெளிநாடு புறப்பட்டால் இப்போது என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் லாரிக்கு லோடு ஏற்றுவதை மேற்பார்வை பார்க்கிற ஆள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. ஆனாலும் விமானத்திலும் கப்பலிலும் போய் வந்தவன் என்பதால் கேட்கிறார்கள். நானும் சொல்கிறேன். பெட்டியின் கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டு, போய் இறங்கினால் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி தெரியும். தண்ணீர் பாட்டிலைக் காலியாகக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள். இறங்கும்போது காது அடைக்கும், வாயில் மிட்டாய் இருக்கட்டும். உள்ளே குளிரும், சால்வையைப் பெட்டியில் போடாதே, கையில் வைத்துக்கொள். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

இதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. எல்லாம் என் சம்பந்தி சொன்னவை. எல்லாமே சரியாகத்தான் இருந்தன. அதனால்தான் அவர்மேல் வாய்விட்டுக் கோபப்படவும் எனக்கு வழியில்லாமல் போனது.

சம்பந்தி திருவள்ளூரில் இருக்கிறார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு மனைவியோடு நாடு நாடாகப் போய் வந்துகொண்டிருக்கிறார். அவர் மகனும் என் மகளும் வேலை செய்த இடத்தில் பழகி, இரண்டு வீடும் சம்மதித்து நடந்த கல்யாணம். சம்மதித்து என்று நான் எழுதுகிறேன். அவர்கள் வீட்டில் கேட்டால் பொறுத்துக்கொண்டு என்று சொல்வார்கள்.

பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. தலைப்பிரசவத்தைப் பெண்ணைப் பெற்றவள் பார்ப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். மகளால் ஊருக்கு வர முடியாது, வேலையும் ஆஸ்பத்திரியும் அங்கேதான். அப்படியென்றால் என் மனைவி அங்கே போக வேண்டும். அதற்கு முன்னால் எல்லோரும் ஒரு முறை வந்து போங்கள், கப்பலில் ஒரு சுற்றுப் போய் வரலாம் என்று மருமகன் எங்கள் நான்கு பேருக்கும் டிக்கெட் எடுத்தார். எங்களுக்கு அது சுற்றுலா இல்லை. பிரசவத்துக்கு நாங்களே தனியாக வந்து சேருவோம் என்று காட்ட வேண்டிய பயணம். என் மனைவி அதை மறைக்கவும் இல்லை.

"ஒரு வாட்டி அவங்க கூட போயி வழிய பாத்துக்கலாம்யா. அடுத்த வாட்டி நாம ரெண்டு பேரு போனா போதும், யாரு தயவும் வேணாம்" என்றாள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் சம்பந்தி எங்களைத் திருவள்ளூருக்கு வரச் சொன்னார். கூடத்தில் உட்கார வைத்து, டீ கொடுத்து, மேலே நான் எழுதிய யோசனைகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் வந்தது. பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் ஒரு குறிப்பு இருக்கும். அதைப் பார்த்தால் அதிகாரி கூடுதலாக இரண்டு கேள்வி கேட்பார் என்றார். எங்கே போகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள். இந்திக்காரர் இருந்தால் இந்தியில் கேட்பார். நான் மில்லில் டிரைவர்களிடமே தலையை ஆட்டி வேலை முடித்துக்கொள்கிறவன். புது ஆள் எதிரில் நின்றால் என் பெயரே எனக்குத் தொண்டையில் நின்றுவிடும். அது சம்பந்திக்குத் தெரியும்.

"அதுக்கு ஒரு வழி இருக்கு சம்பந்தி. உங்க பேருக்கு வீல்சேர் போட்டுட்டேன். அதுல உக்காந்துட்டீங்கன்னா யாரும் உங்கள ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. தள்றவங்களே எல்லா எடத்துலயும் காமிச்சு கூட்டிட்டுப் போயிடுவாங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் வரிசை இல்ல" என்றார்.

எனக்கு நடக்க முடியுமே என்றேன். அவர் மனைவி சிரித்துவிட்டார். நம் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெரியவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள், காலில் குறை இருந்தா போகிறார்கள், இங்கிலீஷ் தெரியாது, அவ்வளவுதான் என்றார். ஒருவர் பெயர் இருந்தால் போதும், கூட வருகிறவர்கள் எல்லோரும் அதே குறுக்கு வழியில் போய்விடலாம் என்று சம்பந்தி விளக்கினார். அந்த ஒருவர் ஏன் அவராக இருக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. யாரும் என்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற அந்த வார்த்தை எனக்கு இனித்தது. வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்: "கை கால் நல்லா கீற மனுசன் இன்னாத்துக்கு அதுல குந்தணும்?" அதற்குள் பேருந்து வந்துவிட்டது.

மீனம்பாக்கம் விமான நிலையத்தில் என் நாற்காலியைத் தள்ளியது ஒரு பெண். என் மகளைவிடச் சின்னவள், ஒல்லியாக இருந்தாள். நான் இரும்போடு வேலை செய்து திரண்ட உடம்பு. சரிவான பாதையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு உதவியாக இருக்கட்டும் என்று காலைத் தரையில் ஊன்றித் தள்ளிப் பார்த்தேன்.

"காலை மேல வைங்க சார், சக்கரத்துல மாட்டிக்கும்" என்றாள். பிறகு கொஞ்ச தூரம் போய், "கால்ல இன்னா சார் ப்ராப்ளம்?" என்று கேட்டாள்.

கேள்வியே வராது என்று சொன்னார்களே என்று நினைத்தேன். முட்டி என்றேன். சம்பந்தி பக்கத்திலிருந்து, "ரொம்ப நாளா முட்டி" என்று சேர்த்துக்கொண்டார். அதிகாரி என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்தார். நீளமான வரிசையில் கைக்குழந்தையோடு நின்றவர்களைத் தாண்டி நாங்கள் போனோம். என் மனைவி பின்னால் கைப்பையோடு நடந்து வந்தாள். சம்பந்தி தன் பையை என் மடியில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அவர் மனைவியின் பையும் வந்தது.

சிங்கப்பூரில் வெளியே வரும் வாசலில் மகள் நின்றிருந்தாள். முதலில் அவள் பார்த்தது நாற்காலியைத்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "நைனா!" என்று ஓடி வந்தாள். சின்ன வயதிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். என் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று எழுந்து நின்றேன். எழுந்து நின்றதில் அவளுக்கு ஆறுதலைவிடக் குழப்பம்தான் அதிகமானது. சம்பந்தி சிரித்தபடி விஷயத்தைச் சொன்னார். மருமகனும் சிரித்தார். மகளும் சிரிக்கப் பார்த்தாள். "ஏம்ப்பா இப்படி பண்ணீங்க?" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பயணம் முழுவதும், அவர்கள் இருக்கும்போதெல்லாம், நான் அப்பாதான்.

இரண்டு நாள் கழித்துக் கப்பல். அதற்கும் சம்பந்தியிடம் யோசனைகள் இருந்தன. ஏறும்போது கொடுக்கிற அட்டைதான் அறைச் சாவி, அதைக் கழுத்தில் மாட்டிக்கொள். பெட்டி அறைக்கு வந்து சேர நேரமாகும், மாத்திரையும் ஒரு மாற்றுத் துணியும் கையிலேயே வைத்துக்கொள். சாப்பாட்டு இடத்தில் கண்டதையெல்லாம் தட்டில் அள்ளாதே, முதலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார். எல்லாம் நல்ல யோசனைகள். கப்பலுக்குப் பெயர் பதியும்போதும் என் பெயருக்கு நேராக வீல்சேர் என்று போட்டுவிட்டிருந்தார். ஆறு பேரும் வரிசையில் நிற்காமல் ஏறினோம். உள்ளே போனதும் எழுந்து நடந்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. என் மனைவி மட்டும், "அப்பாடா, கால் வந்துச்சி" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு தீவுக்கு எதிரே கப்பல் நின்றது. கரை வரைக்கும் போக முடியாதாம். நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். மகள் எங்கள் இருவரையும் அந்தத் தீவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்திருந்தாள். கீழ்த்தளத்தில், கப்பலின் பக்கவாட்டில் திறந்த ஒரு கதவுக்கு முன்னால் நின்றோம். எனக்கு முன்னால் மகளும் மருமகனும் சம்பந்தி வீட்டார் இருவரும் படகில் இறங்கிவிட்டார்கள். என் அட்டையை இயந்திரத்தில் வைத்த பையன் திரையைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக நிற்கச் சொன்னான். அலை இருப்பதால் வீல்சேர் ஆட்களைப் படகில் ஏற்றுவதில்லையாம்.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில். என் தகப்பனாரும் அண்ணன்களும் மீன் பிடித்தவர்கள். நானும் மில்லுக்கு வருகிறவரை அந்தத் தொழில்தான் செய்தேன். படகில் ஏறக் கூடாது என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்தது.

மகள் படகிலிருந்தே இங்கிலீஷில் சத்தமாகப் பேசினாள். நன்றாக நடப்பார், பாருங்கள் என்று என்னைக் காட்டினாள். பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான். அப்படியானால் மேலே அலுவலகத்தில் போய் அந்தக் குறிப்பை எடுக்கச் சொல்லுங்கள், அடுத்த படகில் வரலாம் என்றானாம். மகள் எழுந்திருக்கப் பார்த்தாள். சம்பந்தி அவளைக் கையமர்த்தினார்.

"இப்ப போயி எடுக்கச் சொன்னா, அப்ப ஏன் பொய் சொன்னீங்கன்னு கேப்பாங்கம்மா. வீல்சேர்னு பதிஞ்சது நான்தானே. தேவையா? சம்பந்தி, நீங்க ரெஸ்ட் எடுங்க. இங்க பாக்க ஒண்ணும் பெருசா இல்ல, மண்ணும் கடலும்தான். நீங்க பாக்காத கடலா?"

நான் சரி என்று தலையாட்டினேன். என் மனைவி என்னோடு நின்றுகொண்டாள். மருமகன் எதையோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் படகு விலகிவிட்டது. மேல்தளத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். படகு அலையில் ஏறி இறங்கியது. மகள் குனிந்து வாந்தி எடுப்பது தெரிந்தது. சம்பந்தியம்மா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். என் மனைவியின் கை கம்பியில் இறுகியதைப் பார்த்தேன். மதியம்வரை அவள் எதுவும் சாப்பிடவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சம்பந்தி பேச்சை எடுத்தார். குரல் இதமாகத்தான் இருந்தது. பிரசவத்துக்கு அவரும் மனைவியும் வந்துவிடுவதாகச் சொன்னார். எங்களுக்குச் சிரமம் வேண்டாம். அவசரமென்றால் ஆஸ்பத்திரியில் பேச வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ராத்திரியில் டாக்சி பிடிக்க வேண்டும் என்றார்.

"நான் வருவேன்" என்றாள் என் மனைவி.

"யாரு கூட வருவீங்க? இவரையே நாற்காலில வச்சுத்தானே கொண்டு வந்தோம்?"

அவர் அதைத் தமாஷாகத்தான் சொன்னார். அவர் மனைவி சிரித்தார். நாற்காலி அவருடைய யோசனை என்று அப்போது யாருக்கும் நினைவு வரவில்லை. நான் அதைச் சொல்லியிருக்கலாம். வார்த்தை எல்லாம் வரிசையாக எனக்குள் நின்றது. மேசையில் மற்ற ஊர்க்காரர்களும் இருந்தார்கள், பரிமாறுகிற ஆள் பக்கத்தில் நின்றான். நான் மகளைப் பார்த்தேன். அவள் சொல்லிவிடுவாள் என்று நம்பினேன்.

மகள் தட்டைப் பார்த்தபடியே, "அப்பா, நீங்க ரெண்டு பேரும் அலைய வேணாம்ப்பா. குழந்தையை நானே ஊருக்குக் கொண்டுவந்து காமிக்கிறேன்" என்றாள்.

அவள்மேல் எனக்கு இன்றுவரை குறையில்லை. அவள் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். ஆனால் அந்த வாக்கியத்தை நான் இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

ஊர் திரும்பும்போது நாற்காலி வேண்டாம் என்றேன். அது இரண்டு வழிக்கும் சேர்த்துப் போட்டது என்றார் சம்பந்தி. உட்கார்ந்தேன்.

பிரசவ மாதம் நெருங்கியதும் என் மனைவி பிரசவ லேகியம் கிளறினாள். சுக்கு, திப்பிலி, ஓமம் எல்லாம் வறுத்து இடித்து, பனைவெல்லப் பாகில் நல்லெண்ணெய் விட்டு, ஒரு நாள் முழுக்க அடுப்படியிலேயே நின்றாள். ஒரு தூக்கு நிறைய வந்தது. பிள்ளை பெற்றவள் காலையில் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு சாப்பிட வேண்டும், சம்பந்தியம்மாவிடம் மறக்காமல் சொல்லு என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் திருவள்ளூருக்கு வரவில்லை. நான் மட்டும் அவர்கள் புறப்படுகிற நாளன்று காலையில் கொண்டுபோனேன்.

சம்பந்தி பெட்டியைக் கையால் தூக்கி எடை பார்க்கிற கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தார். தூக்கை உள்ளே வைத்து மாட்டினார். முள் தாண்டிவிட்டது. பெட்டியைத் திறந்து எதை எடுக்கலாம் என்று இருவரும் பார்த்தார்கள். பருப்புப் பொடி, வடகம், குழந்தைக்கு வாங்கிய துணிகள். ஒவ்வொன்றையும் தொட்டுவிட்டு அங்கேயே வைத்தார்கள். கடைசியில் தூக்கு வெளியே வந்தது. லேகியம் எண்ணெய்ப் பொருள், மூடி நெகிழ்ந்தால் பெட்டி முழுக்க நாசமாகும், அனுபவப்பட்டவன் சொல்கிறேன் என்றார் சம்பந்தி. அங்கே தமிழ்க் கடைகளிலேயே பாட்டிலில் கிடைக்கிறது, வாங்கிக் கொடுத்துவிடுகிறோம் என்றார் அவர் மனைவி. எனக்குக் காபி கொடுத்தார்கள். பெட்டிகளைக் காரில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பெரியபாளையம் பேருந்தைப் பிடித்தேன். வழியெல்லாம் தூக்கு மடியில் இருந்தது. எங்கேயாவது விட்டுவிட்டுப் போய், கொடுத்துவிட்டேன் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். மனசு வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி என் கையைப் பார்த்தாள்.  தூக்கை வாங்கி, மூடியைத் திறந்து, ஒரு விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். பிறகு துணியால் வாய் கட்டி, ஃபிரிட்ஜில் தயிருக்குப் பக்கத்தில் இடம் பண்ணி வைத்தாள்.

"ரெண்டாவது புள்ளைக்கு ஆவும்" என்றாள்.

லேகியம் அத்தனை நாள் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.