சீதன வீட்டைத் தொட்ட கோடு

வீடு வளவு விற்கும் வலைத்தளத்துக்கு எல்லைக்கோடு போடுகிறவனை அவன் வீட்டு நாய்கூடச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். இதே வேலையில் மாய்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிரதேச செயலகப் பிரிவு, அதற்குள் கிராம சேவகர் பிரிவு, இரண்டுக்கும் அரசாங்கப் படம் உண்டு. அதற்கும் உள்ளே இருக்கும் குறிச்சிக்குப் படம் இல்லை, சனத்திடம்தான் கேட்கவேண்டும். நான் கேட்டுத் திரிந்த நேரம் பார்த்துத் தங்கச்சிக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடந்தது. சீதன வீடு மேட்டுக் குறிச்சியில் இருக்கவேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் ஒரே நிபந்தனை. சீதனமாகக் கொடுக்கவிருந்த எங்கள் வீடோ மேட்டுக்கும் வாவிக்கரைக்கும் நடுவில்.

படலையைச் சாத்தியவர்

களுதாவளையில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணன், உங்கட குறிச்சி எதுவரைக்கும்?" என்றேன். யார் அனுப்பியது, எந்தக் கட்சி, யாருக்குக் காணி எடுக்கப்போகிறார்கள் என்று அவர்தான் என்னை விசாரித்தார். வலைத்தளம் என்றதும் படலையை இழுத்துச் சாத்தினார்.

"எல்லை கேட்டு வந்தவன் ஒருத்தனும் எல்லையோட நிண்டதில்ல தம்பி."

எந்தப் பள்ளி?

காத்தான்குடியில் நோன்புக் கஞ்சி எந்தப் பள்ளிவாசலில் இருந்து வருகிறதோ, அதை வைத்துத்தான் குறிச்சி பிரிக்கவேண்டும் என்று யாரோ சொல்லித்தந்தார்கள். நானும் ஒரு துணிக்கடைக்காரரிடம், "நீங்க எந்தப் பள்ளி காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டுத் தொலைத்தேன். வேவு பார்க்க வருகிறவன் கேட்கிற கேள்வி அது என்று அவர் முகம் மாறிவிட்டது. வெட்டிக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு, ஃபோனை எடுத்து என்னைப் படம் பிடித்தார்.

"எங்கட ஊரு ஒங்கட ஃபோனில இருக்கக்குள்ள, ஒங்கட மூஞ்சி எங்கட ஃபோனிலயும் இருக்கட்டும்."

குசினிப் படி

கடைசியில் எங்கள் ஊர். வலைத்தளத்தின் பழைய படம் கிராம சேவகர் பிரிவோடு நின்றதால் மேடும் கரையும் ஒரே நிறத்தில் கிடந்தன. என் கோடு விழுந்தால் எங்கள் வீடு எந்தப் பக்கம் என்ற குட்டு வெளிப்பட்டுவிடும். "கோட்டை எங்க போடப்போறாய்?" என்று அப்பா சோற்றுக் கோப்பையோடு பின்னால் வந்தார். நான் எப்படியும் எங்கள் வீட்டை மேட்டில் சேர்த்து வளைத்துத்தான் போடுவேன் என்று அயலட்டை முழுக்கக் கண் வைத்திருந்தது.

மாரி மழையில் வாவித் தண்ணீர் அடுப்பெரிக்கும் எங்கள் குசினியின் படிவரை ஏறும். அதைப் படத்தில் காட்டினால் தங்கச்சியின் சம்பந்தம் குழம்பும். ஆனாலும் வீட்டைக் கரைக் குறிச்சியில்தான் போட்டேன். படம் வெளிவந்ததும் மாப்பிள்ளையின் தகப்பன் ஃபோனும் கையுமாக வந்து, என்னைப் பாராமல் அப்பாவிடம் சொன்னார்.

"சொந்தத் தங்கச்சிர வீட்டையே தண்ணி ஏறுற பக்கம் காட்டுறான் எண்டா, இதை விடப் பெரிய என்னத்தையோ மறைக்கிறான் மச்சான், மாரிக்குள்ள ஒருக்கா வந்து பாத்திட்டு நாள் வைப்பம்."

ஆக, பிரிவின் எல்லை அரசாங்கக் கச்சேரி அலுமாரியில் இருக்கிறது, குறிச்சியின் எல்லை சனத்தின் வாயில் இருக்கிறது, தங்கச்சியின் கலியாணம் வரப்போகிற மழையில் இருக்கிறது.